நான்கு விரற்கடை

மேஜைக்கும் சுவருக்கும் நடுவில்
ஒன்றரைச் சாண் இடம்.
அதற்குள் உப்பனாறு ஓட வேண்டும்,
அக்கரையில் சிங்காரத்தோப்பு, சவுக்கு,
அதற்கும் பின்னே கடல்.

கடலூர் துறைமுகம் சந்திப்பை
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருக்கி
மஞ்சக்குப்பத்து வாடகை மாடியில்
இரண்டு வருடமாய்ப் போட்டுக்கொண்டிருக்கிறேன் தண்டவாளம்.
பகலில் மருந்துக்கடை.
மாத்திரை அட்டை கத்தரித்துப் பழகிய கை
பிளாட்பாரக் கூரையையும் கத்தரிக்கிறது.

ரயில் சுலபம், காசு கொடுத்தால் வரும்.
தூரம் எந்தக் கடையிலும் இல்லை.

முன்வரிசைப் பனைக்கு விளக்குமாற்று ஈர்க்கு.
அடுத்த வரிசைக்குப் பல்குத்தும் குச்சி, பாதி உயரம்.
மூன்றாவது வெறும் தூரிகைப் புள்ளி.
பச்சையில் சாம்பலைக் கலந்து
சாம்பலில் துளி நீலம் விட்டு
போகப் போகப்
பெயர் மறந்த மரமாக்கினேன்.
சிமெண்ட் கிடங்கின் கனம் ஓர் அங்குலம்தான்.
நேரே நின்றால் ஆயிரம் மூட்டை கொள்ளும்,
பக்கவாட்டில் வந்தால் பிஸ்கட்.

ஒட்டுப்பலகையை மூலையில் வளைத்தேன்.
வானத்துக்கு ஏது மூலை?
ஆனாலும் முதல் நாளே
கைகாட்டி மரத்தின் நிழல்
மேகத்தின் மேல் விழுந்தது.
மேகம் சுவராகிவிட்டது.

விளக்கை முன்னால் நகர்த்தக்
கஜபதியைக் கூப்பிட்டேன்.
மேஜைக்கடியில் நுழைந்து
வயரைப் பல்லால் கடித்து உரித்து
அரைமணி கழித்து வெளியே வந்தவன்
முழுதாய் எழவில்லை.
மண்டியிட்டபடியே என் வானத்தைப் பார்த்தான்.
பிறகு கடலை.

"கடலு வூட்டுக்கு மேல நிக்குது சார்."

விதியைச் சொன்னேன்.
அடிவானம் எப்போதும் பார்ப்பவன் கண் உயரத்தில்.
நான் ஐந்தடி எட்டு.
அளந்து, நூல் கட்டி,
சுண்ணப்பொடி தட்டிப் போட்ட கோடு அது.

தலையாட்டினான்.
ஓரத்தில் இருந்த ஓட்டு வீடுகளைக் காட்டி
அது எந்த ஊர் என்றான்.
சோனாங்குப்பம் என்றேன்.
"எங்க ஊரு."
டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினான்.
"அப்பிடி ஒரே ஒரு நாள்தான் நின்னுச்சு.
ஞாயித்துக்கெழம."

முந்நூற்றைம்பதை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
படியிறங்கிப் போனான்.

அன்றிரவு
நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
பிளாட்பாரத்தில் நிற்கும் என் பயணிகள்
இரண்டு சென்டிமீட்டர்.
அவர்கள் கடல் அவர்கள் கண்ணைத் தாண்டி ஏறாது.
இத்தனை நாளும் நான்
எண்பத்தேழு மடங்கு ஆளாய்
அவர்கள் தலைக்கு மேலே நின்று வரைந்திருக்கிறேன்.

நான்கு விரற்கடை இறக்கினேன்.
பழைய நீலத்தின் மேல் வெள்ளை,
வெள்ளையின் மேல் வெளுத்த வானம்.
கடல் கூரைகளுக்குப் பின்னால் ஒதுங்கி
இரண்டு வீட்டு இடைவெளியில் மட்டும்
கொடியில் கிடக்கும் துண்டு போலத் தெரிந்தது.
சொன்னால் நம்பமாட்டீர்கள்,
அப்போதுதான் அந்த ஒன்றரைச் சாண்
பின்னால் போகத் தொடங்கியது.
கையை நீட்டினால் பலகை இடித்தது.
கண்ணை நீட்டினால் இடிக்கவில்லை.

ஒரே ஒரு குறை.
சாயங்காலம் ஐந்தரைக்கு
ஜன்னல் வெயில் பலகையைப் பக்கவாட்டில் தடவும்போது
பழைய கோடு எழுந்து நிற்கிறது.
பெயிண்டின் தடிப்பு, நகக்கண் அளவு.
உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.
தேய்க்கவில்லை.

அந்தக் கோட்டுக்குக் கீழே
ஆறு பெட்டியோடு விழுப்புரம் பாசஞ்சர்
வந்து நிற்கிறது, போகிறது.

ஏதாவது ஒரு ஸ்விட்ச் பழுதாகட்டும் என்று
காத்திருக்கிறேன்.
கஜபதியை
ஐந்தரைக்கு முன்னால் வரச் சொல்ல வேண்டும்.